ஏசி போட்டும் தூக்கம் வரலையா? குறைக்க வேண்டியது டிகிரியை அல்ல, ஈரத்தை!

இரவு 11 மணிக்கு ரிமோட்டில் 18 வைத்துவிட்டுப் படுக்கிறோம். 1 மணிக்குக் குளிர் தாங்காமல் போர்வையைத் தேடுகிறோம். 2 மணிக்கு வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து ஏசியை ஆஃப் செய்கிறார். 3 மணிக்குக் கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு, மறுபடியும் ஆன். சென்னை முதல் தூத்துக்குடி வரை கடலோர ஊர்களில் ஏசி இருக்கும் பல வீடுகளில் இரவு இப்படித்தான் கழிகிறது. தூக்கமும் போச்சு, கரண்ட் பில்லும் எகிறிப் போச்சு.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஏசியின் கோளாறு இல்லை. நாம் வெப்பத்தோடு சண்டை போடுகிறோம். தூக்கத்தைக் கெடுப்பதோ காற்றில் இருக்கும் ஈரம்.

புழுக்கம் ஏன் வருது?

நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வேர்வை மூலம். வேர்வை வெறுமனே வழிந்தால் பயனில்லை. அது ஆவியாகிப் போனால்தான் உடல் சூடு குறையும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாக இடமில்லை, தோலிலேயே தங்கிவிடும். அதுதான் புழுக்கம்.

சென்னையில் மே, ஜூன் மாதங்களில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே சராசரியாக 27, 28 டிகிரி. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரப்பதமும் அதிகம். 40 டிகிரி வெயில் அடிக்கும் உள் மாவட்டத்துக்காரர் 29 டிகிரி சென்னை இரவில் திணறுவது இதனால்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 80%. இந்தக் காற்றை அதில் உள்ள ஈரத்தை எடுக்காமல் 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் என்ன ஆகும்? ஈரப்பதம் கிட்டத்தட்ட 100%-ஐத் தொட்டுவிடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. அறை ஜில்லென்று இருக்கும், ஆனால் மெத்தையும் தலையணையும் நமநமவென்று இருக்கும்.

ஏசி ஈரத்தை எப்படி எடுக்குது?

ஐஸ் வாட்டர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதல்லவா? ஏசிக்குள் நடப்பதும் அதுதான். அறைக் காற்று உள்ளே இருக்கும் குளிர்ந்த காயில் மீது படும்போது, நீராவி தண்ணீராக மாறி டிரெயின் பைப் வழியாக வெளியே சொட்டுகிறது.

10-க்கு 12 அடி படுக்கையறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன காற்றை 25 டிகிரி, 55% ஈரப்பதம் என்ற வசதியான நிலைக்குக் கொண்டுவர ஏசி சுமார் 350 மில்லி தண்ணீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். இது முதல் சுற்று மட்டும்தான். தூங்கும் ஒருவரின் மூச்சு, தோல் வழியாகவே மணிக்குச் சுமார் 40 கிராம் நீர் காற்றில் சேருகிறது. ஆகவே ஏசிக்கு இரவு முழுக்க இந்த வேலை இருக்கிறது.

சொல்லப்போனால் நவீன ஏசி பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்தில், காகிதம் ஈரத்தைக் குடித்து விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த அமைப்புதான் இன்றைய ஏசியின் முன்னோடி.

18 வெச்சா சீக்கிரம் குளிருமா?

சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் 18 வைத்தாலும் 25 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 25-ஐத் தொடும் நேரம் மாறாது. எப்போது நிற்கும் என்பது மட்டும்தான் மாறும். இன்வெர்ட்டர் ஏசி ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓடலாம். ஆனால் விடிய விடிய 18-ல் விட்டால் கரண்டைக் குடிக்கும்.

18-ல் ஏசி இடைவிடாமல் ஓடும்போது ஈரமும் போகத்தான் செய்யும். சிக்கல் அதற்குப் பிறகு. நள்ளிரவு தாண்டினால் உடல் வெப்பநிலை இயல்பாகவே இறங்கும், விடியலுக்கு முன் மிகவும் குறையும். அப்போது 18 தாங்காது. ஆஃப் செய்ததும் மூடிய அறையில் ஈரம் மீண்டும் ஏறத் தொடங்கும். ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசம். வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த மெத்தை மேல் படியும்.

அப்போ எப்படி செட் பண்ணணும்?

* படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஏசியை ஆன் செய்யுங்கள். முதல் 15, 20 நிமிடம் ஃபேன் வேகம் அதிகமாக இருக்கலாம்.
* படுக்கும்போது 25 அல்லது 26 டிகிரி, ஃபேன் வேகம் 'லோ' அல்லது 'ஆட்டோ'. காற்று மெதுவாகப் போனால் காயில் நன்றாகக் குளிர்ந்து, அதிக ஈரத்தைப் பிடிக்கும். 'ஹை'யில் அறை குளிர்ந்த மாதிரி இருக்கும், ஈரம் குறைவாகவே போகும்.
* சீலிங் ஃபேனை 1 அல்லது 2-ல் வையுங்கள். ஃபேன் அறையைக் குளிர்விக்காது. ஆனால் தோல் மேல் காற்று பட்டால் வேர்வை ஆவியாகும், 26 டிகிரியே 24 போலத் தெரியும்.
* 'ஸ்லீப்' பட்டனைப் பயன்படுத்துங்கள். பல மாடல்களில் இது மணிக்கு 1 டிகிரி வீதம் ஓரிரு டிகிரி தானாக ஏற்றிவிடும். நள்ளிரவில் போர்வை தேட வேண்டியதில்லை.
* 2 மணிக்கு ஆஃப் ஆகும்படி டைமர் வைப்பதைவிட, 27-ல் காலை வரை ஓடவிடுவது நல்லது. டைமர் வைத்தே ஆக வேண்டும் என்றால் சீலிங் ஃபேன் கட்டாயம் ஓடட்டும்.

'டிரை' மோடு எதுக்கு?

ரிமோட்டில் நீர்த்துளி படம் போட்ட பட்டன்தான் டிரை மோடு. ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஈரத்தை எடுப்பதற்கு முன்னுரிமை தரும். மழை பெய்து ஓய்ந்த, வெப்பம் குறைவாக ஆனால் பிசுபிசுப்பாக இருக்கும் இரவுகளுக்கு இது சரியாக இருக்கும். மே மாத மொட்டை மாடி சூட்டுக்கு இது மட்டும் போதாது. முதலில் 'கூல்', அறை குளிர்ந்த பிறகு 'டிரை' என்று மாற்றிப் பார்க்கலாம்.

அதேபோல, கம்ப்ரஸர் ஓடாத வெறும் 'ஃபேன்' மோடுக்கு மாற்றாதீர்கள். காயிலில் நிற்கும் ஈரத்தை அது மறுபடியும் அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

ஈரம் எங்கிருந்து உள்ளே வருது?

கதவுக்கு அடியில் விரலளவு இடைவெளி இருந்தாலே வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும். ஒரு பழைய துணியைச் சுருட்டி வைத்தாலே வித்தியாசம் தெரியும். குளித்த பிறகு பாத்ரூம் கதவை மூடி வையுங்கள். ஏசி ஓடும்போது பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், அது வெளியேற்றும் காற்றுக்குப் பதிலாக வெளியே இருந்து ஈரக்காற்று அறைக்குள் இழுக்கப்படும். மழை நாளில் படுக்கையறைக் கொடியில் ஈரத்துணி காயப்போடுவது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, 'பெரிய ஏசி வாங்கினா நல்லா குளிரும்' என்ற நினைப்பு. சுமார் 120 சதுர அடி அறைக்கு 1 டன் பொதுவாகப் போதும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம். சின்ன அறையில் பெரிய ஏசி மாட்டினால் மளமளவென்று குளிர்வித்துவிட்டு, ஈரத்தை எடுப்பதற்குள் கம்ப்ரஸர் நின்றுவிடும்.

ஒரு பக்கெட் டெஸ்ட்

புழுக்கமான இரவில் டிரெயின் பைப்புக்கு அடியில் ஒரு பக்கெட் வையுங்கள். காலையில் தண்ணீர் சேர்ந்திருந்தால் ஏசி ஈரத்தை எடுக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் ஓடியும் சொட்டே இல்லை என்றால் கேஸ் குறைவு, பைப் அடைப்பு, காயிலில் ஐஸ் கட்டுவது என ஏதாவது இருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் அது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவினாலே பாதிப் பிரச்சனை தீரும். பக்கெட்டில் சேரும் தண்ணீர் வீடு துடைக்க ஆகும், குடிக்க ஆகாது.

பில்லில் என்ன வித்தியாசம்?

செட்டிங்கை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6% மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு. நட்சத்திரக் குறியீடு பெற்ற ரூம் ஏசிகளை ஆன் செய்ததும் 24 டிகிரி காட்ட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

1.5 டன் ஏசியின் கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடினால் மணிக்குச் சுமார் 1.4 யூனிட். இரவுக்கு 8 மணி நேரம், 60 இரவுக்கு என்று கணக்குப் போட்டால் 670 யூனிட்டைத் தாண்டும். கம்ப்ரஸர் பாதி நேரம் மட்டும் ஓடும்படி பார்த்துக்கொண்டால் சுமார் 340 யூனிட். இங்கே 500 யூனிட் என்ற கோடு முக்கியம். 2024 ஜூலை கட்டணப்படி 401 முதல் 500 யூனிட் வரை ஒரு யூனிட் 6.45 ரூபாய், 501-ஐத் தொட்டால் 8.55 ரூபாய்.

குழந்தைகள், பெரியவர்கள் இருக்கும் வீட்டில்?

ஏசி காற்று நேராக முகத்தில், நெஞ்சில் அடிக்காதபடி ஃப்ளாப்பை மேல்நோக்கித் திருப்புங்கள். வயதானவர்களுக்கு வேர்வை சுரப்பது குறைவு, சூடு ஏறுவதும் சட்டென்று தெரியாது. 'எனக்கு ஏசி வேணாம்பா' என்று அவர்கள் சொன்னாலும், புழுக்கமான இரவில் 27 டிகிரியும் மெதுவான ஃபேனும் அவர்களுக்குப் பாதுகாப்பு.

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அதே காற்றைத்தான் சுற்றவிடும். அதனால் மூடிய ஏசி அறையில் கொசுவர்த்தி கொளுத்தவே கூடாது. கொசுவலைதான் சரி. படுப்பதற்கு முன் சில நிமிடம் கதவைத் திறந்து வைத்துப் புதுக் காற்று வரவிடுங்கள்.

ஏசிக்குப் பதில் ஏர்கூலர் போதுமா?

வேலூர் மாதிரி வறண்ட வெயில் ஊர்களில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் அது இருக்கிற ஈரத்தோடு இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். மூடிய அறையில் வைத்தால் புழுக்கம் கூடவே செய்யும். ஏசி இல்லாத வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு ஜன்னல் பக்கம் டேபிள் ஃபேன் வைத்துக் காற்றை ஓடவிடுவது இதைவிட நல்ல பலன் தரும்.

இன்று இரவு ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். 26 டிகிரி, ஃபேன் 'லோ', சீலிங் ஃபேன் 2, கதவடியில் ஒரு துணி. முதல் பத்து நிமிடம் 'என்ன, குளிரவே இல்ல' என்று தோன்றும். 3 மணிக்கு எழுந்து ரிமோட்டைத் தேடுகிறீர்களா என்று பாருங்கள்.