பெருநகரங்களில் மருத்துவமனை அருகில், மனநல சிகிச்சை தொலைவில்: ஏழைகளுக்கான உரிமைகள் என்னென்ன?

புது டெல்லி: நாட்டின் மனநல மருத்துவர்களில் பெரும்பாலானோர் நகரங்களில்தான் பணியாற்றுகின்றனர். அரசின் பெரிய மனநல மருத்துவமனைகளும் தனியார் ஆலோசனை மையங்களும் அங்கேயே குவிந்துள்ளன. ஆயினும், நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் வசிப்போருக்கு மனநல சிகிச்சை எளிதில் கிடைப்பதில்லை. இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன, இலவச சிகிச்சை பெறும் உரிமை யாருக்கு உள்ளது, உதவிக்கு எங்கு அணுகலாம் என்பது குறித்த விவரம் வருமாறு:

ஆய்வு கூறுவது என்ன?

பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்), 2015-16-ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வது அதில் தெரியவந்தது. கிராமப்புறங்களில் சுமார் 7 சதவீதமாக இருந்த இந்த அளவு, பெருநகரங்களில் 14 சதவீதத்தைத் தாண்டியது.

நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 சதவீதம் பேர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் கண்டறியப்பட்டது. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர். குறைந்தது 3 பேராவது தேவை என்பது பொதுவாகக் கூறப்படும் அளவுகோலாகும்.

தடைகள் யாவை?

முதல் தடை, இழக்கப்படும் தினக்கூலி. மனநல சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. மாதந்தோறும் மருத்துவரைப் பார்த்து மருந்து பெற வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளி மட்டுமன்றி, உடன் செல்பவரும் ஒரு நாள் ஊதியத்தை இழக்கிறார். சிகிச்சைக்கும் பயணத்துக்குமாகக் குடும்பங்கள் மாதம் ரூ.1,000 முதல் ரூ.1,500 வரை செலவிட நேர்வதாக தேசிய மனநல ஆய்வு குறிப்பிட்டது. சிகிச்சை பாதியில் கைவிடப்படுவதற்கு இது முக்கியக் காரணமாகிறது.

இரண்டாவது, நிர்வாக அமைப்பு. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், அதன் அங்கமாக 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்க்கப்பட்ட முன்மாதிரியே பின்னதற்கு அடிப்படை. மாவட்ட மருத்துவமனையில் இருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை நீளும் இந்த ஏற்பாடு, ஊரகப் பகுதிகளுக்குப் பொருந்துவது. பெருநகரங்களிலோ, மாநகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு எனப் பல நிர்வாகங்களின் கீழ் மருத்துவமனைகள் இயங்குகின்றன. ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் நோயாளி இடையிலேயே விடுபட்டுப் போவது இதனால் எளிதாகிறது.

மூன்றாவது, நோயை அடையாளம் காண்பதில் உள்ள குறை. மனச்சோர்வு உள்ளவர்கள் பெரும்பாலும் தலைவலி, தூக்கமின்மை, உடல் அசதி என்றே மருத்துவரிடம் கூறுகின்றனர். நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் வலி நிவாரணியுடன் அவர்கள் திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம்.

நான்காவது, தனிமையின்மை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வசிக்கும் வீட்டில், தொலைபேசியில் கூட மனம் விட்டுப் பேச முடிவதில்லை. அண்டை வீட்டாருக்குத் தெரிந்தால் வாடகை வீடும் வேலையும் பறிபோகும், வீட்டில் திருமணம் தடைபடும் என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது.

டெல்லியின் நிலை

தலைநகரில் மனநல சிகிச்சைக்கென உள்ள முதன்மையான அரசு நிறுவனம், தில்ஷாத் கார்டனில் இயங்கும் மனித நடத்தை மற்றும் அதுசார் அறிவியல் நிறுவனம் (இபாஸ்). ஷாதராவில் இருந்த பழைய மனநல மருத்துவமனை, உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டைத் தொடர்ந்து 1993-இல் இந்த நிறுவனமாக மாற்றி அமைக்கப்பட்டது. எய்ம்ஸ் உள்ளிட்ட பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

ஆனால், தில்ஷாத் கார்டன் இருப்பது நகரின் வடகிழக்கு எல்லையில். நகரின் உட்பகுதிகளில் இருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகள் குடியமர்த்தப்பட்ட பவானா வடமேற்கு எல்லையில் உள்ளது. மருந்து வாங்குவதற்காக நகரின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குச் சென்று திரும்ப ஒரு பகல் முழுவதும் செலவாகிவிடும்.

சட்டம் தரும் உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறும் உரிமையை இதன் 18-ஆவது பிரிவு அனைவருக்கும் வழங்குகிறது.

* வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அரசு மனநல மையங்களில் சிகிச்சை முற்றிலும் இலவசம். இதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான அட்டை கையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீடற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் இது பொருந்தும். முகவரிச் சான்று இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு.

* உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் இதனைப் பின்பற்றுமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

* நோயாளி குறித்த தகவல்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என 23-ஆவது பிரிவு வலியுறுத்துகிறது.

* தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என 115-ஆவது பிரிவு கூறுகிறது. வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், மனநோய்க்காக மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவோருக்குக் காப்பீடு உண்டு. எனினும், மனநல சிகிச்சையின் பெரும்பகுதியான புறநோயாளி ஆலோசனை அதில் அடங்குவதில்லை.

தெருவைத் தேடிச் சென்ற சிகிச்சை

மருத்துவமனைக்கு வர இயலாதோரைத் தேடிச் செல்லும் முயற்சிகளும் நடந்துள்ளன. டெல்லி ஜாமா மசூதி பகுதியில் வீடற்றோருக்காக இபாஸ் மருத்துவர்கள், தன்னார்வ அமைப்பினருடன் இணைந்து தெருவோர மனநல முகாமை நடத்தினர். கொல்கத்தாவில் 2007 முதல் செயல்படும் ஈஸ்வர் சங்கல்பா அமைப்பு, தெருவில் வசிக்கும் மனநோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கிடைக்க தேநீர்க் கடைக்காரர்கள் போன்ற அப்பகுதி மக்களையே துணையாகக் கொள்கிறது. மனநல மருத்துவர் அல்லாத, உரிய பயிற்சி பெற்ற ஆலோசகர்களாலும் மனச்சோர்வைத் தணிக்க முடியும் என்பதை கோவாவின் சங்கத் அமைப்பு மேற்கொண்ட ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருத்துவர் எண்ணிக்கையைச் சில ஆண்டுகளில் பன்மடங்கு உயர்த்துவது கடினம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனநல மருந்துகள் தடையின்றிக் கிடைத்தால், மாதாந்திர பயணமும் ஊதிய இழப்பும் பெருமளவு குறையும். மாலை நேர சிகிச்சைப் பிரிவு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஆகியவையும் அவ்வாறே பயன் தரும்.

உதவிக்கு எங்கு அணுகலாம்?

மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கப்பட்டது. 14416 அல்லது 1800-89-14416 என்ற எண்களில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் சேவை கிடைக்கிறது. முதலில் பேசும் ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார். நேரடி சிகிச்சை தேவைப்படுவோருக்கு அருகில் உள்ள மையம் பரிந்துரைக்கப்படும். தூக்கமின்மை, தொடர் சோகம், காரணமற்ற அச்சம், உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் ஆகியவை இருப்போர் தாமதிக்காமல் இந்த எண்ணை அழைக்கலாம். அவர்களுக்காகக் குடும்பத்தினரும் பேசலாம்.