ஹத்தின்: கொட்டிலுக்குள் இருந்தவர்கள்

'வந்து பார்' படத்தை நாங்கள் ஆறேழு பேர் ஒரு அறைக்குள் இருந்து பார்த்தோம். முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல.

1985இல் எலெம் கிளிமோவ் எடுத்த சோவியத் படம் அது. நாஸிகள் பிடித்து வைத்திருந்த பெலாரஸில் ஒரு சிறுவன் மண்ணைத் தோண்டித் துவக்கு எடுக்கிறான், கெரில்லாக்களோடு சேரப் போகிறான். பிறகு உடம்பெல்லாம் எரிந்து கிடக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர், தோண்டாதே என்று அப்பவே சொன்னேனே என்று அவனிடம் சொல்கிறார். எங்களுக்குள் தங்கிப்போனது அந்த இடந்தான். அதுக்குப் பிறகுதான் ஹத்தின் கிராமத்தைப் பற்றித் தேடி வாசித்தோம்.

1943 மார்ச் 21 இரவு கெரில்லாக்கள் ஹத்தினில் தங்கினார்கள். மறுநாள் காலை, பக்கத்து வீதியில் பொலிஸ் வாகனங்களைப் பதுங்கியிருந்து தாக்கினார்கள். செத்தவர்களில் ஒருவர் கப்டன் ஹான்ஸ் வொல்கே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டெறிதலில் தங்கம் வென்றவர்! பழிவாங்கல் வீதியிலேயே தொடங்கியது: அங்கே வேலைசெய்துகொண்டிருந்த மரம்வெட்டிகளில் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிறகு ஊரைச் சுற்றி வளைத்தார்கள். கெரில்லாக்கள் சண்டை பிடித்துப் பின்வாங்கிவிட்டார்கள். சனம் எங்கே பின்வாங்குவது?

எல்லாரையும் ஒரு கொட்டிலுக்குள் அடைத்து, வைக்கோல் போட்டுக் கொளுத்தினார்கள். வெளியே ஓடியவர்களைச் சுட்டார்கள். 149 பேர், அதில் 75 பேர் பிள்ளைகள். உயிர் தப்பிய கொல்லர் யூஸிப் கமீன்ஸ்கியின் மகன் அவருடைய கையிலேயே செத்தான். 1969இல் திறந்த நினைவிடத்தில் மகனைத் தூக்கியபடி நிற்கும் சிலை அவரை நினைத்துச் செய்ததுதான். ஊரோடு எரிக்கப்பட்டு மறுபடி எழும்பாத வேறு 185 கிராமங்களுக்கும் அங்கே அடையாளக் கல்லறைகள் இருக்கின்றன.

இரவில் கெரில்லாக்கள் வந்து சாப்பாடு கேட்பார்கள், பகலில் பொலிஸ் வந்து யாருக்குச் சாப்பாடு கொடுத்தாய் என்று கேட்கும். இது எப்படியான வாழ்க்கை என்று எங்கட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதற்காகக் கெரில்லாக்களையும் நாஸிகளையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் தயாரில்லை. கொளுத்தியது யார் என்பதில் சந்தேகம் கிடையாது. எதிர்க்காமல் விட்டிருந்தாலும் அந்த ஆக்கிரமிப்பு ஆட்களைக் கொன்றுகொண்டுதான் இருந்திருக்கும், பெலாரஸின் யூதர்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் அந்தப் பெரியவரின் பேச்சையும் எங்களால் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்த அலெஸ் அடமோவிச் சிறுவயதிலேயே கெரில்லாக்களோடு இருந்தவர். 1970களில் அவரும் இரண்டு எழுத்தாளர்களும் ஊர் ஊராய்ப் போய், தப்பியவர்கள் சொன்னதை ஒலிப்பதிவு செய்து நூலாக்கினார்கள். வீரக்கதைகளுக்கு நடுவில் அந்தக் கிழவிகளின் குரலைக் கேட்கப் போனதே பெரிய வேலை என்று நினைக்கிறோம்.

கேட்காமல் விட்டதும் உண்டு. ஹத்தினில் நின்றவர்கள் ஜேர்மானியர் மட்டுமல்ல. டிர்லவாங்கரின் எஸ்.எஸ். படையோடு 118ஆவது துணைப் பொலிஸ் பட்டாலியனும் நின்றது. அதில் பெரும்பாலானோர் உக்ரைனியர், பிடிபட்ட செம்படை வீரர்களும் இருந்தார்கள். 'சோவியத் மக்கள் எல்லாரும் ஒன்றாய் எதிர்த்தார்கள்' என்ற கதைக்கு இது பொருந்தாது. பட்டாலியனின் படைத்தலைமை அதிகாரி ஹ்ரிஹோரி வசியூராவும் முன்னாள் செம்படை அதிகாரிதான். போருக்குப் பிறகு உக்ரைனில் ஒரு அரசாங்கப் பண்ணையில் உதவிப் பணிப்பாளராக, மரியாதைக்குரிய முன்னாள் போர்வீரராக வாழ்ந்தார். 1986இல், படம் வந்து அடுத்த வருசம், மின்ஸ்கில் வழக்கு நடந்து மரணதண்டனை விதித்தார்கள். படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். வழக்கைப் பற்றிப் பத்திரிகைகள் அப்போது வாய் திறக்கவில்லை.