நெட்வேர் பாம்பும் ஒரு ராத்திரி பாடமும்

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்களே. இன்னிக்கு கொஞ்சம் சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

போன வாரம் சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணே, ஆபீஸ்ல எல்லா சர்வரையும் லினக்ஸுக்கு மாத்தப் போறாங்களாம். எனக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும். ஒரு கோர்ஸுக்கு கம்பெனியே காசு கட்டுதாம். எதுல சேரட்டும்?"

சிரிப்பு வந்துடுச்சு. இதே கேள்வியோட 1999ல நானும் நின்னேன். அப்ப எனக்கு வேலை கோவைல ஒரு நூற்பாலை ஆபீஸ்ல. பொட்டி தட்டறதுல இருந்து பிரிண்டருக்கு ரிப்பன் மாத்தறது வரைக்கும் எல்லா ஆணியும் நம்மளுதுதான்.

அந்தக் காலத்துல ஆபீஸ் நெட்வொர்க்னா நாவெல் நெட்வேர்தான். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துக் கம்பெனி. 1983ல வந்த நெட்வேர், 90கள் நடுவுல கிட்டத்தட்ட எல்லா ஆபீஸ் மூலையிலயும் ஓடிச்சு. சும்மா இருக்கற நேரத்துல சர்வர் திரையில ஒரு பாம்பு நெளியும். லோடு கூடினா வாலும் நீளும், வேகமும் கூடும். தூரத்துல இருந்தே பாத்து "இன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி"னு சொல்லிடலாம். சி.என்.இ. சர்டிபிகேட் வெச்சிருந்தவருக்கு அப்ப இருந்த மரியாதையே தனி.

1993ல மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்.டி.யை விட்டுச்சு. 1996ல என்.டி. 4 வந்தப்புறம் காத்து திசை மாறிடுச்சு. டேட்டாபேஸ், மெயில், அக்கவுண்ட்ஸ் பேக்கேஜ் எல்லாம் என்.டி.க்குன்னே வர ஆரம்பிச்சுது. உலகம் இன்டர்நெட் பக்கம் ஓடுறப்ப, நெட்வேர் தன்னோட ஐ.பி.எக்ஸை விட்டு முழுசா டி.சி.பி./ஐ.பி.க்கு வந்தது 1998ல, நெட்வேர் 5லதான். பஸ் கிளம்பினப்புறம் ஸ்டாண்டுக்கு வந்த கதை.

எங்க மில்லுலயும் என்.டி. வந்துச்சு. மேனேஜர் கூப்பிட்டு, "ஒரு கோர்ஸுக்கு பணம் தர்றேன். எதுன்னு நீயே முடிவு பண்ணு"ன்னார். நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு: பேப்பர் விளம்பரத்துல எந்த எழுத்து பெருசா இருக்கு? எம்.சி.எஸ்.இ.! மொத்தம் ஆறு பரீட்சை. நான் சேர்ந்த பயிற்சி நிலையத்துல மெஷினைத் தொட்டதை விட கேள்வி-பதில் ஜெராக்ஸைத் தொட்டதுதான் அதிகம். ஆறும் பாஸ். "பேப்பர் எம்.சி.எஸ்.இ."னு ஊரெல்லாம் கிண்டல் பண்ணிட்டு இருந்தது என்னை மாதிரி ஆளுங்களைத்தான்னு அப்ப உறைக்கலை.

உறைச்சது ஒரு சம்பள நாளுக்கு முந்தின ராத்திரி. பிரைமரி டொமைன் கன்ட்ரோலர் டிஸ்க் போயிடுச்சு. யூசர் கணக்கு மாஸ்டரே அதுலதான் இருக்கு. விடிஞ்சா சம்பளப் பட்டியல் போடணும். பேக்கப் கன்ட்ரோலரை பிரைமரியா உயர்த்தணும்கற கேள்விக்கு பரீட்சையில சரியா டிக் அடிச்சவன்தான் நான். ஆனா அந்த மெனு எங்க இருக்குன்னு தெரியலை. கை நடுங்குது. அவ்வ்வ்...

பக்கத்து மில்லுல இருந்த சீனியர் அண்ணனுக்கு போன் போட்டேன். மனுஷன் நெட்வேர் ஆளு, என்.டி.யைத் தொட்டதே கிடையாது. வந்து உக்காந்து கேட்ட முதல் கேள்வி: "தம்பி, யூசர் லிஸ்டோட காப்பி வேற எந்த மெஷின்ல இருக்கு?"

நெட்வேர் 4லயே, அதாவது 1993லயே, என்.டி.எஸ்.னு டைரக்டரி வந்திருந்துச்சு. மரம் மாதிரி கிளை கிளையா இருக்கும். அதோட ரெப்ளிக்காக்களை பல சர்வர்ல வெச்சிருப்பாங்க. மாஸ்டர் செத்துட்டா இன்னொரு ரெப்ளிக்காவை மாஸ்டர் ஆக்கணும். அண்ணனுக்கு அந்தத் தத்துவம் அத்துப்படி. "இங்கயும் அப்படி ஒண்ணு இருந்தே ஆகணும், தேடு"ன்னார். சர்வர் மேனேஜர்ல, கம்ப்யூட்டர் மெனுவுக்குள்ள ஒளிஞ்சுட்டு இருந்துச்சு. பட்டியல் நேரத்துக்கு போயிடுச்சு.

அடுத்த கூத்து 2000ல. விண்டோஸ் 2000 கூட ஆக்டிவ் டைரக்டரி வந்துச்சு. மரம், கிளை, ரெப்ளிகேஷன்! என்.டி. 4 மட்டும் படிச்ச நாங்க முழிக்கறோம், நெட்வேர் அண்ணன் சிரிக்கறார். போதாக்குறைக்கு என்.டி. 4 எம்.சி.எஸ்.இ. 2001 கடைசியோட காலாவதினு மைக்ரோசாஃப்ட் அறிவிச்சிருந்துச்சு. அப்புறம் அந்த வருஷமே மனசு மாத்திக்கிட்டாங்க. ஆனா அதுக்குள்ள எங்க தூக்கம் போயிடுச்சு.

அப்புறம் நடந்ததையும் பாருங்க. நாவெல் 2003ல சூஸே லினக்ஸை வாங்கறதா அறிவிச்சு, நெட்வேர்காரங்களை அந்தப் பக்கம் நகர்த்துச்சு. 2011ல நாவெலையே அட்டாச்மேட் வாங்கிடுச்சு. எம்.சி.எஸ்.இ.ங்கற பேருக்கே மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியில மூடுவிழா நடத்திடுச்சு. லினக்ஸ் பக்கமும் நிம்மதி இல்லை. 2029 வரைக்கும் ஓடும்னு நம்பி சென்ட்ஓஎஸ் 8 போட்டவங்களுக்கு, 2021 கடைசியோட முடிஞ்சுதுன்னு 2020 டிசம்பர்ல சேதி வந்துச்சு. அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் பொறந்ததே அதுக்கு அப்புறம்தான்.

அதனால தம்பிகிட்ட மூணு விஷயம் சொன்னேன். ஒண்ணு, உங்க ஆபீஸ்ல எந்த லினக்ஸ் வரப்போகுதுன்னு முதல்ல கேளு. ரெட் ஹேட் குடும்பம்னா 1999ல இருந்து நடக்கற ஆர்.எச்.சி.இ. வழி. அதுல டிக் அடிக்கற வேலை இல்ல, மெஷின் முன்னால உக்காந்து செஞ்சு காட்டணும். இன்னும் முடிவாகலைன்னா, அதே 1999ல ஆரம்பிச்ச எல்.பி.ஐ. வழி. அது எந்த ஒரு கம்பெனி லினக்ஸையும் சார்ந்தது இல்ல. ரெண்டு, சேர்றதுக்கு முன்னாடி "எத்தனை மணி நேரம் மெஷின்ல கை வைப்பேன்?"னு கேளு. மூணு, உனக்குத் தெரிஞ்ச விண்டோஸைத் தூக்கிப் போடாதே. யூசர், பர்மிஷன், டி.என்.எஸ்., பேக்கப் எல்லாம் அங்கயும் இருக்கு, வேற சட்டை போட்டுக்கிட்டு.

"எல்லாம் சரிண்ணே, சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்குமா?"ன்னான்.

என் எம்.சி.எஸ்.இ. சர்டிபிகேட் இன்னும் பீரோவுல பத்திரமா இருக்கு. ஆனா அந்த ராத்திரி அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் புதுசா எந்த சிஸ்டம் முன்னால உக்காந்தாலும் முதல்ல கேக்கறேன்: "காப்பி எங்க இருக்கு?"

டிஸ்கி: பாம்பு நெளிஞ்ச சர்வரைப் பாத்தவங்க யாராவது இருந்தா கை தூக்குங்கப்பா. வயசெல்லாம் கேக்க மாட்டேன் :-)