சமையலறைக்குள் வந்த குரல்கள்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் காதில் பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். போன வாரம் பார்த்த படத்தில் தொடங்கி, வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது என்ற சண்டைக்கு வந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு சம்பளம், கிரெடிட் கார்டு, எஸ்.ஐ.பி. என்று போகிறது பேச்சு. நடுவில் ஒருவர், "நானே இந்த ஆப்பைத்தான் வச்சிருக்கேன்" என்கிறார். அது பேச்சா, விளம்பரமா என்று நாம் யோசிப்பதற்குள் மறுபடியும் சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள்.

இது செல்போன் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெயர் வேண்டுமானால் புதுசு. 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் லண்டன் 'கார்டியன்' இதழில் எழுதிய கட்டுரையில்தான் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் முதலில் அச்சேறியது. இந்தப் புது வழக்கத்தை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் மூன்று பெயர்களைக் கேள்விக்குறியோடு போட்டிருந்தார். அதில் ஒன்று பிழைத்துக்கொண்டது. மறு ஆண்டே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்துவிட்டது. சொல்லுக்கு வயது இருபத்துச் சொச்சம். அந்தப் பேச்சுக்கோ கிட்டத்தட்ட தொண்ணூறு.

1940-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போவோம். ஜனவரி 8-ஆம் தேதி பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 113 கிராம். பன்றி இறைச்சியும் அவ்வளவே. சர்க்கரை 12 அவுன்ஸ். மார்ச்சில் மற்ற இறைச்சிகளும் பங்கீட்டுக்குள் வந்தன. அதில் ஒரு வேடிக்கை: எடைக்கு அளவு வைக்கவில்லை, விலைக்கு வைத்தார்கள். ஆளுக்கு வாரம் 1 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கலாம். மலிவான துண்டாகப் பார்த்து வாங்கத் தெரிந்தவளுக்குக் கறி அதிகம், தெரியாதவளுக்குக் குறைவு. ஜூலையில் தேயிலைக்கும் வந்தது, 2 அவுன்ஸ். தேநீர் இல்லாத ஆங்கிலேயரை நினைத்துப் பாருங்கள்!

உணவு அமைச்சராக ஏப்ரலில் பொறுப்பேற்ற வூல்டன் பிரபுவுக்கு ஒரு தலைவலி. எதை எப்படிச் சமைத்தால் வீணாகாது, கிடைப்பதை வைத்து எப்படி வாரத்தை ஓட்டுவது என்று கோடிக்கணக்கான குடும்பங்களுக்குச் சொல்லியாக வேண்டும். துண்டுப் பிரசுரம் போடலாம், படிக்க வேண்டுமே. வானொலியில் சொல்லலாம். ஆனால் அன்றைய பி.பி.சி. குரல் கேட்பவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லும் குரல். பெரிய வீட்டு ஆங்கிலம். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ரேஷன் கடை வரிசையிலும் நிற்கும் பெண்ணுக்கு, சமையல்காரி வைத்திருக்கும் வீட்டின் உச்சரிப்பில் உருளைக்கிழங்கைப் பற்றிப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? ரேடியோவை அணைத்துவிடுவாள்.

அந்த இடத்தில்தான் கெர்ட்டும் டெய்சியும் வருகிறார்கள். எல்சி வாட்டர்ஸ், டோரிஸ் வாட்டர்ஸ் என்ற அக்கா தங்கை, கிழக்கு லண்டன்காரர்கள், நகைச்சுவைக் கலைஞர்கள். 1930-இல் ஒரு கிராமபோன் தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று, ஒரு கல்யாணத்தை வேடிக்கை பார்க்கும் இரண்டு பெண்கள் வம்பளப்பதாகப் பேசிப் பதிவு செய்தார்கள். தட்டின் முன்பக்கம் யாருக்கும் நினைவில்லை. அந்த வம்பு பிரபலமாகிவிட்டது. அந்த இரண்டு பெண்கள்தான் கெர்ட், டெய்சி. கிழக்கு லண்டனின் காக்னி வழக்கில் புருஷன், பக்கத்து வீடு, கடைக்காரன் என்று பேசிக்கொண்டே போவார்கள். டெய்சியின் கணவன் பெர்ட், கெர்ட்டைக் கட்டிக்கொள்ளப்போகும் வாலி, இருவருமே பேச்சில் மட்டும் வாழ்ந்த ஆண்கள். கேட்டவர்களுக்கோ அந்த பெர்ட் தங்கள் தெருவில் இருக்கும் ஆள்.

பி.பி.சி.யும் உணவு அமைச்சகமும் சேர்ந்து 1940 ஜூனில் 'கிச்சன் ஃப்ரண்ட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கின. 'ஃப்ரண்ட்' என்றால் போர்முனை. அடுப்பங்கரையும் ஒரு போர்முனைதான் என்று பொருள். காலை எட்டு மணிச் செய்தி முடிந்ததும், எட்டேகாலுக்கு, ஐந்தே நிமிடம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்த ஆள் கெட்டிக்காரர். பெண்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முந்தைய வேளை அது. பலர் வந்து பேசினார்கள், மருத்துவர்கள்கூட. மக்கள் மனத்தில் நின்றவர்களில் இந்தச் சகோதரிகள் முக்கியமானவர்கள். கேரட்டைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கிண்டலடிக்க, அந்தச் சிரிப்போடு சமையல் குறிப்பும் கேட்பவர் தலைக்குள் போய்விடும். ஒருவர் பேசினால் அது உபதேசம். இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டால் நாம் ஒட்டுக்கேட்கிறோம். ஒட்டுக்கேட்டதை மனுஷன் எளிதில் மறப்பதில்லை. நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், கடைசி பெஞ்சில் இருவர் கிசுகிசுப்பதை வகுப்பே கேட்கும். நான் சொல்வதைத்தான் கேட்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பேச்சின் பின்னால் அரசாங்கம் இருந்தது. அது ஒளிக்கப்படவில்லை. பி.பி.சி.யில் விளம்பரம் கிடையாது. கெர்ட் கேரட்டைப் புகழ்ந்தால், கேரட் வியாபாரி அவளுக்குக் காசு கொடுக்கவில்லை என்று கேட்பவருக்குத் தெரியும். 1946-இல் இரு சகோதரிகளுக்கும் ஓ.பி.இ. விருது கிடைத்தது.

இதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. அமெரிக்க வானொலி விளம்பரக் காசில் ஓடியது. சோப்புக் கம்பெனிகள் பகல்நேரத் தொடர்களுக்குப் பணம் கொடுத்ததால்தான் அவற்றுக்கு 'சோப் ஆபரா' என்றே பெயர் வந்தது. அங்கே 1934-இல் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் மேரி மார்கரெட் மெக்பிரைடு என்ற பத்திரிகையாளரை வேலைக்கு எடுத்தார்கள். மிசூரி மாநிலத்துப் பெண். பொருளாதார மந்தத்தில் பத்திரிகை எழுத்து வறண்டுபோய், குரலை நம்பி வந்தவர். நிலையம் அவருக்கு 'மார்த்தா டீன்' என்று பெயர் வைத்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த ஒரு பாட்டியாக நடித்து, இல்லத்தரசிகளுக்கு யோசனை சொல்ல வேண்டும். அவரோ கல்யாணமே ஆகாதவர். வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

சில நாள் ஓட்டிப் பார்த்தார். இல்லாத பேரப்பிள்ளைகளின் பெயர்களே அவருக்குக் குழம்பத் தொடங்கின. ஒரு நாள் நேரலையிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்: நான் பாட்டி இல்லை, எனக்குக் குடும்பம் இல்லை, நான் ஒரு நிருபர், ஊரைச் சுற்றிப் பார்த்ததை வந்து உங்களிடம் சொல்கிறேன், விருப்பமிருந்தால் கேளுங்கள். நிலையம் பயந்தது. நேயர்கள் கூடினார்கள்.

பிறகு பெரிய வானொலி வலைப்பின்னல்களில் தன் சொந்தப் பெயரிலேயே பேசினார். எழுதிவைத்துப் படிப்பதில்லை. நாடக நடிகர், எழுத்தாளர், ஊர்சுற்றி என்று யாரையாவது கூட உட்காரவைத்து முக்கால் மணி நேர அரட்டை. நடுநடுவே, மூச்சு விடாமல், அதே குரலில் விளம்பரம். பாடலோ மணியோசையோ கிடையாது. ஒரு கேக் மாவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நேற்று அதைத் தின்ற கதையைச் சொல்வார். இன்று பாட்காஸ்ட் தொகுப்பாளர்கள் தங்கள் வாயாலேயே பொருளைப் பரிந்துரைக்கிறார்களே, அந்த வித்தையை அவர் அன்றே முழுசாக வளர்த்து வைத்திருந்தார்.

ஆனால் அந்த வித்தைக்கு அவரே ஒரு கடிவாளமும் போட்டிருந்தார். தானே பயன்படுத்திப் பார்க்காத பொருளை விற்க மாட்டார். மதுவும் புகையிலையும் கூடவே கூடாது. அமெரிக்க வானொலியில் சிகரெட் கம்பெனிப் பணம் ஆறாக ஓடிய காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவு கறார் காட்டியும், அவர் நிகழ்ச்சியில் இடம்பிடிக்கக் கம்பெனிகள் வரிசையில் காத்திருந்தன. 1944-இல் அவருடைய பத்தாம் ஆண்டு விழாவுக்கு மேடிசன் சதுக்கத் தோட்டம் நிரம்பியது. 1949-இல் பதினைந்தாம் ஆண்டுக்கு யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானம் தேவைப்பட்டது. பகல் வேளையில் பெண்கள் கேட்கும் வெட்டிப்பேச்சு என்று படித்த ஆண்கள் ஏளனம் செய்த நிகழ்ச்சிக்கு இந்தக் கூட்டம்!

கடிவாளம் இல்லாத குரலும் அதே அமெரிக்காவில் இருந்தது. கன்சாஸ் மாநிலத்து மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஜான் பிரிங்க்ளி என்பவர், ஆட்டுக்கடா விரைச் சுரப்பியை ஆண்களுக்கு வைத்துத் தைத்து இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லிச் சம்பாதித்தவர். 1923-இல் சொந்தமாக வானொலி நிலையமே தொடங்கினார். பாட்டு, கச்சேரி, ஊர்ப்பேச்சு, நடுவில் 'மருத்துவக் கேள்விப் பெட்டி'. நேயர் கடிதத்தைப் படித்து, ஆளைப் பார்க்காமலேயே, இன்ன எண் மருந்து வாங்கிச் சாப்பிடுங்கள் என்பார். எண் போட்ட அந்த மருந்துகளைக் கடைகள் விற்று, ஒவ்வொரு புட்டிக்கும் அவருக்குப் பங்கு அனுப்பின. குரலில் அவ்வளவு பரிவு! 1930-இல் அரசு வானொலி ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மருத்துவ உரிமமும் பறிபோனது. அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்று, கிட்டத்தட்ட ஜெயித்தே விட்டார் என்றால் ஜனங்கள் அவரை எவ்வளவு நம்பியிருப்பார்கள்! பிறகு எல்லை தாண்டி மெக்சிகோவிலிருந்து ஒலிபரப்பினார்.

மெக்பிரைடுக்கும் பிரிங்க்ளிக்கும் குரலில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டுமே வீட்டு மனிதர் குரல். காதால் மட்டும் கேட்டுப் பிரித்தறிய முடியாது. யார் பணம் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பிரியும்.

1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையிலும் வானொலியிலும் வரும் ஒருவரை நாம் நண்பராக உணர்கிறோம், அவருக்கு நாம் யாரென்றே தெரியாது, ஒருபக்கச் சிநேகிதம். இதைப் படிக்கும்போது எங்கள் காலை நடைக் கூட்டத்து நண்பர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையில் ஒரு பகுதியை, ஏதோ ஒரு பாட்காஸ்டில் கேட்டு, ஒரு திட்டத்தில் போட்டிருக்கிறார். "அந்தப் பையன் தப்பா சொல்ல மாட்டான் சார், மூணு வருஷமா கேக்கறேன்." அந்தப் பையனுக்கு அதனால் என்ன வரும் என்று கேட்டேன். தன் தங்கை மகனைப் பழித்துவிட்டதுபோல முகம் சுருங்கிப்போனது அவருக்கு.

நம் ஊரிலும் குரலை நம்பிப் பணத்தை மண்ணில் போட்ட ஒரு கதை உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புது நெல் பரவியது. குறுவைக்கு ஏற்ற, குறைந்த நாளில் விளையும் ரகம். பாட்டன் காலத்து விதையை விட்டுவிட்டுப் புது விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்வது ஒரு குடும்பத்தின் வருஷச் சோற்றைப் பணயம் வைப்பது. அதை எப்படிச் செய்தார்கள்? திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் கேட்டுக் கேட்டுத்தான். விதையின் அரசாங்கப் பெயர் வாயில் நுழையாமல், விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்லு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலியில் பேசியவர் எந்த உரக் கம்பெனியின் ஆளும் இல்லை. சொன்னது சரியா என்று பார்க்க ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணைக்கே போய் வயலைப் பார்க்கலாம், பேருந்து தூரம்தான்.

இன்றைய குரல்களுக்கு அப்படிப் போய்ப் பார்க்க வயல் இல்லை. அதனால்தான் செபி உள்ளே வந்திருக்கிறது. பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சொல்பவர்களோடு தரகு நிறுவனங்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2024-இல் விதி கொண்டுவந்தது. நான் பாடம்தான் நடத்துகிறேன் என்று சிலர் நழுவினார்கள். 2025 ஜனவரியில் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது: பாடம் நடத்துவதாயிருந்தால் கடைசி மூன்று மாதத்துப் பங்கு விலையை எடுத்துக்காட்டக் கூடாது. பழைய விலையை வைத்துப் பாடம் நடத்தலாம், நாளைக்கு எதை வாங்குவது என்று சொல்ல முடியாது. சரித்திர வாத்தியாருக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது.

மெக்பிரைடு 1954-இல் பெரிய வானொலியை விட்டார். பிறகு கேட்ஸ்கில் மலைப்பக்கம் வெஸ்ட் ஷோகன் என்ற கிராமத்தில் குடியேறி, தன் வீட்டுக் கூடத்தில் மைக்கை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் சிறு நிலையத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தார். 1976-இல் இறந்தார்.

தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் யார் வீட்டிலாவது ரேடியோ நெல் விதைத்த பெரியவர்கள் இருந்தால், முதல் போகம் எத்தனை மூட்டை கண்டது என்று கேட்டு எழுதுங்களேன்.