சட்டியில் ஒரு சவுக்கு: கரையில இருந்து தோண்டலாமா?

கடற்கரையில் காற்றுக்கு வளைந்து நிற்கிற சவுக்கைப் பார்த்தால் போன்சாய் ஆசை உள்ளவருக்குக் கை துறுதுறுக்கும். அடிமரம் முறுகி, கொப்பெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, பாதி வேலையைக் காற்றே செய்து வைத்திருக்கும். சவளக்கடையில இருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் கல்முனைக் கடல். போய் ஒன்றைத் தோண்டி வரலாமே என்று நினைக்க முதல், இந்த மரத்துட கதையைக் கொஞ்சம் கேளுங்க.

சவுக்கு நமக்கு வந்த மரம். அவுஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கரைகள், தென்கிழக்காசியா, பசிபிக் தீவுகள்தான் அதன் சொந்த மண். அதன் பச்சை ஊசிகள் கசுவாரிப் பறவையின் இறகு போல இருப்பதால், 1759இல் லினேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் அந்த மலாய்ச் சொல்லே ஒட்டிக்கொண்டது. காரைநகர்க் கசூரினா கடற்கரைக்குப் பெயர் கொடுத்ததும் இதே மரம்தான். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கரையில் விறகுக்காகத் தோப்புத் தோப்பாக நட்டார்கள்.

விறகு மரம் காவல் மரமானது பிறகுதான். 2002இல் வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதி மக்கள் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதில் சவுக்கும் நிறைய. இரண்டு வருடத்தில் சுனாமி வந்தபோது அந்தத் தோப்பு ஊரைக் காத்தது என்று பேசப்பட்டது. கடலூர்க் கரையை ஆராய்ந்தவர்களும் கண்டலும் சவுக்கும் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். கடலில் இருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் முக்கிய காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சவுக்கை மட்டும் நம்பி இருக்க ஏலாது என்பது உண்மை. ஆனால் உப்புக் காற்றையும் பறக்கிற மணலையும் அது தடுக்கும் என்பதில் சண்டை இல்லை. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை, 10,000க்கும் மேலே, இழந்த மாவட்டம் நம்மட அம்பாறை. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் சவுக்கு நட்டதற்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கு.

இந்தோனேசியாவின் மதுரா தீவிலும் இதே கேள்வி வந்தது. அங்கே லொம்பாங் கடற்கரையில் வளைந்து வளரும் சவுக்கு 'செமாரா உடாங்' என்ற பெயரில் போன்சாய்க்குப் பேர்போனது. பதியன் போட்டுச் சட்டிக்குத் தேவையான கன்றுகளை அங்கே உருவாக்குகிறார்கள்.

நாமும் அப்படியே செய்யலாம். காய்ந்த காய்களில் இருந்து விதை எடுத்து முளைக்கப் போடுங்க. மணல் கலந்த, தண்ணி தேங்காத மண் வேணும். முழு வெயில் வேணும், வெயில் காலத்தில் ஒரு நாளும் தண்ணி தவறக் கூடாது. வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்தான் காற்றில் இருந்து நைதரசன் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் சட்டி மாற்றும்போது வேரைக் கழுவித் துடைக்காமல் பழைய மண்ணில் கொஞ்சம் விட்டுவையுங்க. நுனிகளை விரலால் கிள்ளிக்கிள்ளி விட்டால் கொப்பு அடர்த்தியாகும். கம்பி சுற்றினால் அடிக்கடி பாருங்க, மரம் வேகமாகப் பருக்கிறதால் பட்டையில் வெட்டிவிடும்.

காற்று வளைத்த வளைவை நம்மட கையால் கொண்டுவரச் சில வருடம் எடுக்கும். எடுக்கட்டும். கரையில் நிற்கிற மரத்துக்கு அங்கே வேலை இருக்கு.