சன்னங்கள் வரைந்த படம்

பார்வை என்றதும் கண்ணையே நாம் எண்ணுகிறோம். ஆனால், கண் ஒளியை உள்ளே விடும் வாயில் மாத்திரமே. விழித்திரையிற் பட்ட ஒளி நரம்புவழியே சென்று, பிடரிக்குள் அமைந்த மூளைப் பகுதியை அடைந்த பின்னரே காட்சி பிறக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் விஞ்ஞானிகள் இதனைப் பெரும்பாலும் உணர்ந்திருந்தனர். பேர்லினில் ஹெர்மன் மூங்க் விலங்குகளிற் சோதனை செய்தார். சுவீடனில் ஹென்ஷென் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தார். எனினும், காட்சியின் எப்பகுதி மூளையின் எவ்விடத்திற் பதிகின்றது என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்கு விடை போர்க்களத்திலிருந்து வந்தது. கொரியாவையும் மஞ்சூரியாவையும் தம் ஆதிக்கத்துட் கொணர விரும்பிய இரு பேரரசுகள் 1904ஆம், 1905ஆம் ஆண்டுகளிற் பொருதின. யாருடைய மண்ணுக்காகப் போர் நடந்ததோ அம்மக்களிடம் எவரும் சம்மதங் கேட்கவில்லை. ருஷ்யப் படையின் புதிய துப்பாக்கி, ஏறத்தாழ 7.6 மில்லிமீற்றர் பருமனுள்ள சிறு சன்னத்தை மிகுந்த வேகத்துடன் செலுத்துவது. பழைய குண்டுகள் மண்டையோட்டைச் சிதைத்தன. இச்சன்னமோ ஒருபுறம் துளைத்து மறுபுறம் வெளியேறியது. ஆதலின், தலையிற் காயமுற்றும் உயிர் தப்பிய யப்பானியப் போர்வீரர் பலர் இருந்தனர். அவர்களுட் சிலருக்குக் கண்கள் பழுதின்றியிருந்தும் பார்வையில் ஒரு பகுதி அழிந்திருந்தது.

இழந்த பார்வையை அளந்து, உபகாரச் சம்பளத்தை நிர்ணயிக்க உதவுவதே தட்சுஜி இனோயே என்ற இளம் கண் வைத்தியருக்கு அரசு இட்ட பணி. அவர் அவ்வளவோடு நிற்கவில்லை. சன்னம் நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் குறிப்பதற்கு ஒரு கருவியைத் தாமே அமைத்து, மூளையினூடாக அது சென்ற நேர்வழியைக் கணித்தார். அவ்வழியையும், அவ்வீரர் காணவியலாத புலத்தையும் ஒப்பிட்டார். இருபத்தொன்பது வீரர்களை ஆராய்ந்து கண்ட முடிவுகளை 1909இல் லைப்சிக் நகரில் ஜேர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார்.

இடப்புறக் காட்சி வலப்புற மூளையிலும், மேற்புறக் காட்சி கீழ்ப்பகுதியிலும் பதிகின்றன. பார்வையின் மையம் மூளையின் பின்கோடியிலும், ஓரங்கள் அதற்கு முன்னாகவும் அமைகின்றன. மையத்துக்கு அதன் அளவுக்கு மிஞ்சிய பேரிடம் வழங்கப்பட்டிருக்கின்றது. முதலாம் உலகப் போரிற் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த கோர்டன் ஹோம்ஸ் 1916இலும் 1918இலும் வெளியிட்ட கட்டுரைகள் இதனை உறுதிப்படுத்தின. பின்னர், 1991இல் ஹோட்டன், ஹொயிட் என்போர் காந்த அலைப் படங்களின் துணையுடன் அப்படத்தைத் திருத்தினர். மையத்துக்குரிய இடம் ஹோம்ஸ் கருதியதினும் பெரிது எனக் காட்டினர்.

இவ்வரலாற்றைக் கூறி, போர் விஞ்ஞானத்தை வளர்க்கின்றது என வாதிப்போர் உளர். அவ்வாதம் பொருந்தாது. போர் நடத்தியோர் மூளையைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊனத்துக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்றே கேட்டனர். சன்னம் துளையை மாத்திரமே இட்டது. அத்துளையிலிருந்து அறிவு பிறந்தது, ஒரு வைத்தியரின் பொறுமையாலும், அவர்முன் அமர்ந்து ‘தெரிகிறது’, ‘தெரியவில்லை’ என விடை கூறிய சாதாரண மனிதரின் வாய்மொழியாலுமேயாம்.

அவ்வாய்மொழியின் மதிப்பை நாம் மறத்தலாகாது. கண்ணிற் குறையின்றி, ‘உலகின் பாதி எனக்குத் தெரியவில்லை’ என்று ஒருவன் முறையிட்டால், அவன் பொய் சொல்கிறான் என ஐயுறுவது எளிது. அவன் கூற்று மெய்யே என்பதற்கு இப்படம் சான்று. இன்றும், மூளையில் இரத்தோட்டம் தடைப்பட்டுப் பார்வை குன்றிய நோயாளியை ஒரு புள்ளியை உற்றுநோக்கச் செய்து, அவர் காணாத பக்கத்தைக்கொண்டே பழுதுற்ற இடத்தை வைத்தியர் ஊகிக்கின்றார். அச்சோதனைக்குப் பின்னால் இருபத்தொன்பது போர்வீரர் நிற்கின்றனர். வைத்தியரின் பெயரை விஞ்ஞானம் ஏட்டிற் பொறித்தது. அவ்வீரரின் பெயரை நம்மில் யார் அறிவர்?