கிறிஸ்துமஸுக்கு ஊர் போவது: ஓர் அயர்லாந்துக் கதை

1891 டிசம்பர் 20. அயர்லாந்தின் தென்கரையில் இருக்கும் குவீன்ஸ்டவுன் துறைமுகம் (இன்று அதன் பெயர் கோவ்). நெவாடா என்ற கப்பலில் ஆனி மூர் என்ற பதினேழு வயதுப் பெண் ஏறுகிறாள். கூடவே அவளுடைய இரண்டு தம்பிகள், ஆண்டனியும் பிலிப்பும். அப்பா அம்மா சில ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் போய்விட்டார்கள். இப்போது பிள்ளைகள் அவர்களிடம் போகிறார்கள்.

தேதியைக் கவனியுங்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸை இந்த மூன்று பேரும் அட்லாண்டிக் கடலின் நடுவில், கப்பலின் மலிவு வகுப்பில் கழித்திருக்கிறார்கள். டிசம்பர் 31 இரவு நியூயார்க் வந்தார்கள். மறுநாள் காலை, 1892 ஜனவரி 1 அன்று, எல்லிஸ் தீவில் புதிய குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. அதன் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்த முதல் ஆள் ஆனி மூர்தான். அதிகாரிகள் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். இன்று கோவ் துறைமுகத்திலும் எல்லிஸ் தீவிலும் அவளுக்குச் சிலை இருக்கிறது.

(ஒரு கிளைக்கதை. ஆனி மூர் டெக்சாஸுக்குப் போய் அங்கே டிராம் மோதி இறந்தாள் என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2006-ல்தான் அது வேறொரு ஆனி மூர் என்று தெரிந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை. ஒரு ஜெர்மானியக் குடும்பத்துப் பையனைத் திருமணம் செய்துகொண்டு, வரிசையாகப் பிள்ளைகள் பெற்று, பலவற்றைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, 1924-ல் காலமானாள். சிலை வைத்தவர்களுக்கு அவள் கல்லறை எங்கே என்று பல வருடம் தெரியாது!)

குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் கொண்டாடக் கடல் கடந்து போவது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாழ்த்து அட்டைகளும் ஹாலிவுட் படங்களும் அப்படி நினைக்க வைத்திருக்கின்றன. அயர்லாந்தின் கதையைப் படித்தால் அது சமீபத்திய வழக்கம் என்று தெரிகிறது. அது வருவதற்கு மூன்று தேவைப்பட்டன: நேரம், கட்டணம், திரும்பிப் போக அனுமதி. பி.காம். படிப்பவன் என்பதால் எனக்கு இரண்டாவதில்தான் ஆர்வம் வந்தது. படிக்கப் படிக்க மூன்றாவதுதான் மனதில் நின்றது.

முதலில் பழைய கதை. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்து வந்த ஏழெட்டு ஆண்டுப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், குறைந்தது இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1841-ல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சமாகிவிட்டது. பாய்மரக் கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர ஐந்தாறு வாரம் ஆகும். போகிறவன் திரும்பி வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அயர்லாந்து கிராமங்களில் யாராவது இறந்தால் உடலைச் சுற்றி இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். அதற்கு 'வேக்' என்று பெயர். அமெரிக்கா கிளம்புகிறவனுக்கும் முந்தின இரவு இதே போல உட்கார்ந்தார்கள். பாட்டும் ஆட்டமும் உண்டு, விடிந்ததும் ஒப்பாரி உண்டு. அதற்கு 'அமெரிக்கன் வேக்' என்றே பெயர் வைத்தார்கள். உயிரோடு இருப்பவனுக்கு இழவு!

ஆள் வராவிட்டாலும் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது. 'அமெரிக்கக் கடிதம்' என்றார்கள். உள்ளே பணம் இருக்கும். 1848 முதல் 1864 வரை மட்டும் இப்படி வட அமெரிக்காவிலிருந்து வந்த பணம் சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுண்ட். வாடகை பாக்கி, கடைக் கடன், தங்கைக்குச் செருப்பு எல்லாம் அதில்தான். ஆனால் அந்தத் தொகையில் கணிசமான பகுதி பணமாக வரவில்லை, முன்கூட்டியே வாங்கிய கப்பல் டிக்கெட்டாக வந்தது. அண்ணன் அனுப்பிய டிக்கெட்டில் தங்கை போனாள். தங்கை அனுப்பியதில் தம்பி போனான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்த பரிசுதான் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இன்னொரு நாற்காலியைக் காலியாக்கியது. வெளிநாட்டுப் பணம் வந்தால் ஊர் வளரும் என்று பாடத்தில் படிக்கிறோம் இல்லையா? இங்கே அதே பணம் ஊரைக் காலி செய்தது.

நீராவிக் கப்பல் வந்த பிறகு பயணம் பத்துப் பன்னிரண்டு நாளாகச் சுருங்கியது. அப்போதும் கிறிஸ்துமஸுக்கு ஊர் போவது நடக்கிற காரியமில்லை. போக வர மூன்று வாரத்துக்கு மேல் கடலிலேயே போய்விடும். அதுவும் டிசம்பர் அட்லாண்டிக். அமெரிக்காவில் இருந்த ஐரிஷ் பெண்களில் பலர் பணக்கார வீடுகளில் வேலை செய்தார்கள். கிறிஸ்துமஸ் வாரம்தான் முதலாளி வீட்டில் அதிக வேலை. லீவு யார் தருவார்? இத்தாலியர்கள் அமெரிக்காவில் சம்பாதித்துவிட்டுப் பாதிப்பேர் ஊர் திரும்பினார்கள். ஐரிஷ்காரர்கள் திரும்பியது மிகமிகக் குறைவு.

பிரிட்டனுக்குப் போனவர்கள் கதை வேறு. லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து வேல்ஸ் வழியாக அயர்லாந்துத் தபாலைக் கொண்டுபோக 1848-ல் 'ஐரிஷ் மெயில்' ரயில் தொடங்கியது. மாலையில் யூஸ்டனில் ஏறினால் நள்ளிரவுக்குப் பிறகு ஹோலிஹெட் துறைமுகம். அங்கே தபால் கப்பல். மூன்றரை மணி நேரம் கடல். விடிவதற்குள் டப்ளினுக்குப் பக்கத்தில் டன் லேரி. மொத்தத்தில் ஒரே இரவு!

கட்டடத் தொழிலாளியும் நர்ஸும் கிறிஸ்துமஸுக்கு ஊர் வருவது என்ற வழக்கத்தை வளர்த்தது இந்த ஒரு இரவுதான். 1950களில் அயர்லாந்தின் நிலைமை மோசம். 1951-க்கும் 1961-க்கும் இடையே நிகரக் கணக்கில் நாலு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1961 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சம்தான். போனவர்களில் பெரும்பாலோர் போனது பிரிட்டனுக்கு. 1971-ல் அயர்லாந்துக் குடியரசில் பிறந்த ஏழு லட்சம் பேர் பிரிட்டனில் வசித்தார்கள். இவர்களில் ஒரு பகுதியினர் டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். ரயில் டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது, கப்பலில் ஏறத் தனியாக ஒரு சீட்டு வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். குளிரில் படகுத்துறையில் வரிசை, கப்பலுக்குள் உட்கார இடமில்லாமல் பெட்டி மேலேயே தூக்கம், ஆட்டத்தில் வாந்தி.

வர முடியாதவர்களுக்கு எதிர்த் திசையில் வான்கோழி போனது. ஆமாம், தபாலில்! பிரிட்டனில் உலகப் போருக்குப் பிறகும் 1954 வரை ரேஷன் இருந்தது. அயர்லாந்துக் கிராமத்து அம்மாக்கள் வான்கோழியையும் வாத்தையும் பொட்டலம் கட்டி லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் அனுப்பினார்கள். குளிர்காலம் என்பதால் கெடாது.

இந்த வழியில் கட்டணத்தை உடைத்தது ரயன்ஏர். 1986 வரை டப்ளின்-லண்டன் விமானத்தை ஏர் லிங்கஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் தங்களுக்குள் வைத்திருந்தன. போக வரக் குறைந்த கட்டணமே இருநூறு பவுண்டுக்கு மேல். அந்த வருடம் ரயன்ஏர் டப்ளினிலிருந்து லண்டனுக்கு வெளியே லூட்டனுக்கு 95 பவுண்டுக்குப் பறக்க ஆரம்பித்தது. பாதிக்கும் குறைவு. கப்பலில் வாந்தி எடுத்தவர்கள் எல்லாரும் விமானத்துக்கு மாறினார்கள். டப்ளின்-லண்டன் ஐரோப்பாவிலேயே மிக நெரிசலான சர்வதேச வழித்தடங்களில் ஒன்றாயிற்று. டன் லேரிக்கு வந்துகொண்டிருந்த கப்பல் சேவையை 2015-ல் ஒரேயடியாக முடித்துவிட்டார்கள். அது நஷ்டத்தில்தான் ஓடியது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் விமானக் கட்டணம் இன்றும் கன்னாபின்னாவென்று ஏறும். வகுப்பில் 'நெகிழ்ச்சியற்ற தேவை'க்கு உப்பையே உதாரணம் சொல்கிறார்கள். டிசம்பர் 23 டப்ளின் டிக்கெட்டைச் சொல்லலாம் :)

ஆக, நேரமும் கட்டணமும் தீர்ந்துவிட்டன. அப்படியானால் எல்லாரும் வந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் மூன்றாவது விஷயம்.

1980களில் அயர்லாந்தில் மறுபடியும் வேலை இல்லை. நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையில்லாதவர்கள். 1989 ஏப்ரலில் முடிந்த ஒரே ஆண்டில் நிகரமாக 44 ஆயிரம் பேர் வெளியேறினார்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே விசா கிடையாது. அமெரிக்கா அப்படி இல்லை. 1965-ல் வந்த அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே நெருங்கிய சொந்தம் இல்லாத ஐரிஷ்காரனுக்குக் குடியேற்ற விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சுற்றுலா விசாவில் போய் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் தங்கிவிட்டார்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் குழந்தை பார்க்கும் வேலை. விமானம் ஆறேழு மணி நேரம்தான், டிக்கெட் வாங்கக் கையில் காசும் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது குடியேற்ற அதிகாரி நிறுத்திவிடுவார். ஆனி மூர் காலத்து நிலைமை ஜெட் விமான யுகத்தில் மறுபடியும் வந்தது.

1986-ல் அமெரிக்கா ஒரு மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1982-க்கு முன் வந்தவர்களுக்கு மட்டும். ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு வந்தவர்கள், கோட்டை விட்டார்கள். அதே சட்டத்தில் டொனலி என்ற உறுப்பினர் பெயரால் ஒரு விசாத் திட்டம் இருந்தது. 1987 ஜனவரியில் ஒரு வாரம் தபாலில் விண்ணப்பிக்கலாம். ஒருவரே எத்தனை வேண்டுமானாலும் அனுப்பலாம். விடுவார்களா? கட்டுக்கட்டாக அனுப்பித் தள்ளினார்கள். அந்தத் திட்டத்தில் 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட விசாக்கள் அயர்லாந்துக்கே கிடைத்தன. 1990 சட்டத்தில் மாரிசன் என்ற உறுப்பினர் முயற்சியில் மூன்று ஆண்டுகளுக்கு இன்னொரு 48 ஆயிரம் ஒதுக்கப்பட்டது. இந்த விசா கிடைத்தவர்கள் பச்சை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகப் பயமில்லாமல் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தார்கள்.

கிடைக்காதவர்களுக்கு 1996-ல் இன்னும் இறுகியது. அந்த ஆண்டுச் சட்டப்படி, விசா முடிந்தபின் ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியவர் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் பத்து வருடம் உள்ளே வர முடியாது. அம்மாவோடு ஒரு கிறிஸ்துமஸ், அதன் விலை பத்து வருடம். அங்கேயே கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தால்? அப்பாவின் சாவுக்குக் கூடப் போகாமல் இருந்துவிட்டவர்கள் இப்படித்தான் உருவானார்கள். சட்டத்தை மீறினார்கள், அனுபவிக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடிக்கலாம்தான். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

அயர்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். இடம் தேடி அலைந்த மரியாளுக்கும் சூசையப்பருக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்று அர்த்தம். 1990 டிசம்பரில் மேரி ராபின்சன் அந்நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அவர் தன் மாளிகையின் ஜன்னலில், வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ்காரர்களுக்காக ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் அல்ல, எப்போதும் எரியும் விளக்கு. விளக்கு விசா தராது என்று கிண்டல் செய்யலாம். ஆனால் நூற்றைம்பது வருடமாக ஆட்கள் போய்க்கொண்டே இருந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாகச் சமீபத்திய இரண்டு கிறிஸ்துமஸ்கள். 2020 டிசம்பர் 20 அன்று, பிரிட்டனில் புதிய கொரோனா வகை பரவியதால், அங்கிருந்து வரும் விமானங்களை அன்று நள்ளிரவு முதல் அயர்லாந்து நிறுத்தியது. முதலில் 48 மணி நேரம் என்றார்கள், பிறகு கிறிஸ்துமஸ் தாண்டியும் நீட்டினார்கள். பெட்டி கட்டி வைத்திருந்தவர்கள் லண்டனிலேயே உட்கார்ந்தார்கள். ஒரு மணிச் சொச்ச நேர விமானப் பயணம்!

2024 டிசம்பரில் டாரா புயல் அடித்த நாட்களில் ஹோலிஹெட் துறைமுகத்தின் படகுத்துறை சேதமானது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பழைய தபால் கப்பல் காலத்திலிருந்து வரும் அந்த வழி மூடப்பட்டது. காரில் பரிசுப் பொருட்களோடு கிளம்பியவர்கள் தெற்கு வேல்ஸில் ஃபிஷ்கார்டுக்கும் பெம்ப்ரோக்குக்கும் சுற்றிக்கொண்டு போனார்கள். டப்ளினில் கிறிஸ்துமஸ் பார்சல்கள் தாமதமாயின. ஒரு படகுத்துறை மறுபடி திறந்தது 2025 ஜனவரி 16 அன்று. அதற்குள் எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.